தாதியர் உரிமத் தேர்வும் மறுமுறை முயற்சியும்

தேர்வில் தோற்றவர் இரு வகைப்படுவர். தம் படிப்புப் போதவில்லை எனக் கருதி, முன்பு படித்த நூலையே முதற் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குவோர் ஒரு வகையினர். தாம் எவ்விடத்தில், எக்காரணத்தால் தவறினோம் என ஆராய்ந்து, அவ்விடத்தைச் செப்பனிட முற்படுவோர் மற்றொரு வகையினர். முதல் வகையினர் உழைப்புக்கு அஞ்சாதவர். எனினும் அவ்வுழைப்புக்குப் பின்னரும் தோல்வி நேரும்போது, தமக்கு அறிவே இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் பிழையானது. குறை பல வேளைகளில் கற்கும் முறையிலேயே உள்ளது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் தேர்வுகளுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தாதியர் உரிமம் பெறுவதற்கு எழுதப்படும் என்கிளெக்ஸ் தேர்வாகும்.

அந்நாட்டில் ஒருவர் தாதியர் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டாலும், இத்தேர்வில் தேறாதவரை பதிவு பெற்ற தாதியாகப் பணியாற்ற இயலாது. கலிபோர்னியா மாநிலத்தில், படிப்பை முடித்தவர் தேர்வின் முடிவு வரும்வரை, பதிவு பெற்ற தாதி ஒருவரின் மேற்பார்வையில் இடைக்கால அனுமதியின்பேரில் பணிபுரியலாம். தோற்றார் என்ற அறிவிப்புக் கிடைத்ததும் அவ்வனுமதி முடிவுறுகிறது. நேற்றுவரை நோயாளியின் கட்டிலருகே நின்றவர் இன்று அப்பணிக்கு உரிமையற்றவராகிறார். படிப்புக்காக வாங்கிய கடனும், அவர் வருவாயை எதிர்நோக்கியிருக்கும் குடும்பமும் அப்படியே இருக்கின்றன.

மறுமுறை எழுதுவோர் நிலை எளிதன்று என்பதற்குப் புள்ளிவிவரமும் சான்றாகும். 2022ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பயின்று முதன்முறையாக எழுதியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் தேறினர். அங்கேயே பயின்று மறுமுறை எழுதியோரில் தேறியவர் நூற்றுக்கு ஐம்பதின்மருக்கும் குறைவு. மறுமுறை எழுதுவோருக்குப் பாடம் புதிதன்று. தேர்வின் அமைப்பும் புதிதன்று. அவ்வாறிருந்தும் பாதிப்பேருக்கு மேல் தவறியதன் காரணம் ஆராயத்தக்கது.

உரிமம் தோன்றிய வரலாறு

ஒரு காலத்தில் தாதி என்று தன்னைக் கூறிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. முறையாகப் பயின்றவரும், சில நாள் நோயாளியைக் கவனித்த பழக்கமுடையவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். நோயாளிக்கு இருவரையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை. இந்நிலையை மாற்ற, 1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வட கரோலினா மாநிலம் தாதியர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் இதுவே முதலாவது. அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகிய மாநிலங்களும் சட்டம் இயற்றின. 1923க்குள் எல்லா மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வினாத்தாள் அமைத்தது. ஆகவே ஒரு மாநிலத்தின் தேர்ச்சியை மற்றொன்றின் தேர்ச்சியோடு ஒப்பிட இயலவில்லை. இக்குறையைப் போக்க 1944இல் மாநில வாரியங்களுக்குப் பொதுவான வினாத் தொகுப்புத் தேர்வு தொடங்கியது. 1978இல் மாநிலத் தாதியர் வாரியங்களின் தேசிய மன்றம் அமைந்தது. 1982இல் தேர்வு இன்றைய பெயரைப் பெற்றது. அன்று இது தாளில் எழுதும் தேர்வு. இரண்டு நாள் நடைபெறும். ஆண்டுக்கு இருமுறையே வாய்ப்பு உண்டு. தோற்றவர் ஏறக்குறைய அரை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. 1994 ஏப்ரலில் தேர்வு கணினிக்கு மாறியது. அதன்பின் காத்திருக்கும் காலம் குறுகியது. தேசிய மன்றத்தின் விதிப்படி, ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே குறைந்தது 45 நாள் செல்ல வேண்டும்; ஆண்டுக்கு எட்டு முறை வரை எழுதலாம். மாநில வாரியங்கள் இதனினும் கடுமையான விதி வகுக்கலாம். புளோரிடாவில் மூன்று முறை தவறியவர், வாரியம் ஒப்புக்கொண்ட மறுபயிற்சி வகுப்பை முடித்த பின்னரே மீண்டும் எழுத முடியும்.

கணினி அளக்கும் முறை

மறுமுறை எழுதுவோர் முதலில் அறிய வேண்டுவது, கணினி தம்மை எவ்வாறு அளக்கிறது என்பதாகும். இதனை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் எவ்வகுப்புக்கு உரியவன் எனக் காண விழையும் ஆசிரியர் ஒருவர், முதலில் நடுத்தரமான கணக்கு ஒன்றைக் கொடுக்கிறார். அவன் செய்துவிட்டால் சற்றுக் கடினமானதைக் கொடுக்கிறார். தவறினால் சற்று எளிதானதைக் கொடுக்கிறார். இவ்வாறு ஏற்றியும் இறக்கியும் கேட்டபின், சில வினாக்களிலேயே அவன் நிலை அவருக்குப் புலப்பட்டுவிடுகிறது. என்கிளெக்ஸ் தேர்விலும் கணினி இதனையே செய்கிறது. டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட அளவியல் முறை இதற்கு அடிப்படையாகும். வினாவின் கடினத்தையும் விடையளிப்பவரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைத்து நோக்குவது அம்முறையின் சிறப்பு.

ஒவ்வொரு விடைக்குப் பின்னும் கணினி தேர்வாளரின் திறனை மீண்டும் கணக்கிடுகிறது. பின்னர், அவர் சரியாக விடையளிக்க ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உள்ள வினாவைத் தேர்ந்து கொடுக்கிறது. ஆகவே வல்லவர்க்கும் பல வினாக்கள் தவறும். தேர்வு முழுதும் கடினமாகவே இருந்தது என்று கலங்கி வெளியே வருபவர் தேறியிருக்கக்கூடும். எளிதாக இருந்தது என்று மகிழ்பவர் தவறியிருக்கக்கூடும். வினாக்களின் கடினத்தைக் கொண்டு தம் நிலையைத் தேர்வின் நடுவே ஊகிப்பது வீண்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அமைப்பின்படி, குறைந்த அளவு 85 வினாக்கள். மிகுந்த அளவு 150. காலம் ஐந்து மணி நேரம். முதல் 85இல் 15 வினாக்கள் எதிர்காலப் பயன்பாட்டுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுவன. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் அவை எவை என்பது தேர்வாளருக்குத் தெரியாது. தேர்வாளர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே உள்ளார் என்றோ, கீழே உள்ளார் என்றோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி ஏற்பட்டவுடன் கணினி நின்றுவிடுகிறது. அவ்வுறுதி ஏற்படாதவரை வினாக்கள் தொடர்கின்றன. எண்பத்தைந்தில் நின்றால் தேர்ச்சி என்றும், நூற்றைம்பது வரை சென்றால் தோல்வி என்றும் தேர்வாளரிடையே வழங்கும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. எண்பத்தைந்தில் தேறுவோரும் உண்டு, தோற்போரும் உண்டு. அவ்வாறே நூற்றைம்பதிலும் இரண்டும் நிகழும்.

தோல்வி அறிக்கையைப் படித்தல்

தேறியவருக்குத் தேர்ச்சி என்ற செய்தி மட்டுமே கிடைக்கும். தவறியவருக்கோ, அவர் திறனை விளக்கும் அறிக்கை ஒன்றும் கிடைக்கிறது. அவர் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தார் என்பதும், ஒவ்வொரு பாடப்பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலே நின்றாரா, அருகில் நின்றாரா, கீழே நின்றாரா என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மனவருத்தத்தில் இவ்வறிக்கையைப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவோர் உண்டு. நோயாளியின் வெப்பநிலைக் குறிப்பைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு இச்செயல் ஒப்பாகும்.

முதலில் வினாக்களின் எண்ணிக்கையை நோக்க வேண்டும். நூற்றைம்பது வினாக்கள் வரை சென்று தவறியவர், கோட்டுக்கு மிக அருகில் நின்றவர். இறுதிவரை கணினியால் உறுதியாகத் தீர்மானிக்க இயலவில்லை என்பதே இதன் பொருள். இத்தகையவர் எல்லாப் பாடங்களையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பகுதிகளில் ஏற்படும் திருத்தமே அவரைக் கோட்டுக்கு மேலே உயர்த்தக்கூடும். எண்பத்தைந்தில் தவறியவர் நிலை வேறு. அவருக்கு அடிப்படையிலிருந்து வலுவூட்டல் தேவை. 45 நாள் முடிந்தவுடன் எழுதியே தீர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு ஏற்றதன்று. நாற்பத்தைந்து என்பது குறைந்த அளவே. கட்டாயமான நாள் அன்று.

அடுத்து, பகுதிகளை நோக்க வேண்டும். பராமரிப்பை நிருவகித்தல், பாதுகாப்பும் தொற்றுத் தடுப்பும், உடல்நலப் பேணல், உளநலம், அடிப்படைப் பராமரிப்பு, மருந்தளிப்பு, ஆபத்தைக் குறைத்தல், நோயினால் ஏற்படும் உடல் மாற்றங்களை எதிர்கொள்ளல் என எட்டுப் பகுதிகள் உள்ளன. இவை அனைத்தும் சம அளவினவல்ல. 2023ஆம் ஆண்டுத் தேர்வுத் திட்டத்தில் பராமரிப்பை நிருவகித்தலுக்கு நூற்றுக்கு 15 முதல் 21 பங்கும், மருந்தளிப்புக்கு 13 முதல் 19 பங்கும், உளநலத்துக்கு 6 முதல் 12 பங்கும் ஒதுக்கப்பட்டன. மருந்தளிப்பிலும் உளநலத்திலும் ஒருங்கே கீழே நின்ற ஒருவர், இரண்டுக்கும் ஒரே அளவு காலத்தைச் செலவிடுதல் பொருந்தாது. பெரிய பகுதியில் உள்ள சிறு குறையும் சிறிய பகுதியில் உள்ள பெருங்குறைக்கு ஈடாகும்.

நினைவும் தீர்ப்பும்

பகுதியை அறிந்தபின், அப்பகுதியில் தவறியதன் காரணத்தை அறிதல் வேண்டும். அறிக்கை இதனைக் கூறாது. இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். மருந்துப் பகுதியில் குறை எனக் கண்டவர் மருந்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். ஆனால் தேர்வோ பட்டியலைக் கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. இதய நோய்க்குக் கொடுக்கப்படும் டிகாக்சின் என்ற மருந்தைப் பெரியவர்க்குக் கொடுக்குமுன் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தாதியர் மாணவர் அனைவரும் இதனை அறிவர். தேர்வில் வரும் நோயாளியின் துடிப்போ 64. அவர் சிறுநீர் பெருக்கும் மருந்தும் உண்கிறார். காலையிலிருந்து குமட்டல், உணவில் விருப்பமில்லை, பார்க்கும் பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் 2.9. அறுபது என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தவர், அறுபத்து நான்கைக் கண்டவுடன் மருந்தைக் கொடுக்கலாம் என விடையளிப்பார். சிறுநீர் பெருக்கும் மருந்து பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகும், குமட்டலும் மஞ்சள் பார்வையும் அந்நஞ்சின் அறிகுறிகள் என்று தொடர்புபடுத்திக் காண்பவரோ மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, உடனே மருத்துவருக்குத் தெரிவிப்பார். இருவரும் ஒரே நூலைப் படித்தவர்களே. ஒருவர் எண்ணைக் கற்றார். மற்றவர் காரணத்தைக் கற்றார்.

எவரை முதலில் காண்பது என்னும் வினாக்களும் இத்தேர்வில் மிகுதி. தாதி ஒருவரின் பொறுப்பில் நால்வர் உள்ளனர் எனக் கொள்க. ஒருவர் நீரிழிவு நோயாளி. இரத்தச் சர்க்கரை 250 மில்லிகிராம். ஒருவர் நேற்று அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். கடும் வலி என்கிறார். ஒருவர் வீடு திரும்பக் காத்திருப்பவர். நான்காமவர் ஆஸ்துமா நோயாளி. சற்று முன்வரை உரக்கக் கேட்ட மூச்சிரைப்பு ஓய்ந்துவிட்டது. அவர் அமைதியாகச் சோர்ந்திருக்கிறார். இரைப்பு ஓய்ந்தது நலம் என்று கருதி வலியுற்றவரிடம் செல்பவர் தவறுகிறார். இரைப்பொலி எழக்கூடக் காற்று உட்செல்லவில்லை என்பதே அவ்வமைதியின் பொருளாகலாம். முதலில் காணவேண்டியவர் அவரே. கூக்குரலிடும் நோயாளியைவிட வாய் திறக்காத நோயாளி பேராபத்தில் இருக்கக்கூடும் என்பது மருத்துவமனை அறிந்த உண்மை. மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையை ஒப்பிப்பது எளிது. நோயாளியிடத்தில் அதனைக் கண்டறிவதே கடினம்.

2023இல் ஏற்பட்ட மாற்றம் இத்திறனையே முன்னிறுத்தியது. ஒரே நோயாளியைப் பற்றித் தொடர்ந்து ஆறு வினாக்கள் கேட்கும் முறையில் மூன்று நோயாளர் வரலாறுகள் தேர்வில் இடம்பெறுகின்றன. குறிப்புகளைக் கண்டுகொள்ளல், அவற்றை ஆராய்தல், மிக்க ஆபத்தானது எது எனத் துணிதல், செய்யத்தக்கன யாவை என எண்ணுதல், செயற்படல், விளைவை மதிப்பிடல் என்பன அவ்வாறு படிகள். முதியவர் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று; திடீரென மனக்குழப்பம்; துடிப்பு 118; இரத்த அழுத்தம் 88க்கு 50; மூச்சு நிமிடத்துக்கு 26. குழப்பத்தை முதுமையின் விளைவு என ஒதுக்காமல், மற்றக் குறிப்புகளோடு சேர்த்து நோக்குவது முதல் இரு படிகள். தொற்றினால் உடல் முழுதும் நிலைகுலையும் செப்சிஸ் எனத் துணிவது மூன்றாம் படி. மருத்துவரை விரைந்து அழைத்தல், உயிர்வளி, நரம்பு வழி நீர், நுண்ணுயிர்க்கொல்லிக்கு முன் இரத்த மாதிரி எடுத்தல் ஆகியவற்றை எண்ணிச் செய்வது அடுத்த இரு படிகள். அழுத்தம் உயர்ந்ததா, சிறுநீர் வெளிப்பட்டதா, குழப்பம் தெளிந்ததா என நோக்குவது இறுதிப் படி. இவற்றுள் எப்படியில் தாம் இடறுகிறோம் என்பதை அறியாமல் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தாலும் பயன் சிறிதே.

தவறுகளைப் பகுத்தல்

இவ்விடறலைக் கண்டறியச் சிறந்த கருவி ஒரு சாதாரணக் குறிப்பேடே. பயிற்சி வினாவில் தவறும்போதெல்லாம் வினா கேட்டது யாது, தேர்ந்த விடை யாது, அதனைத் தேர்ந்த காரணம் யாது, காணாது விட்ட குறிப்பு யாது என்னும் நான்கையும் அதில் எழுதிவர வேண்டும். மூன்றாவதே இன்றியமையாதது. சரியான விடையின் விளக்கத்தைப் படித்துத் தலையசைப்பது எளிது. தவறான விடை தமக்கு ஏன் சரியெனத் தோன்றியது என ஒப்புக்கொண்டு எழுதுவது கடினம். ஊகத்தால் சரியாக அமைந்த விடையையும் இதில் சேர்த்தல் நன்று. இல்லையேல் நல்லூழை அறிவு என மயங்க நேரும்.

நூறு தவறுகள் சேர்ந்தபின் அவற்றை வகைப்படுத்தினால் உண்மை வெளிப்படும். பொருளே தெரியாமல் செய்த தவறு ஒரு வகை. இதற்கு மருந்து நூற்படிப்பே. வினாவைச் சரியாகப் படிக்காத தவறு இரண்டாம் வகை. 'முதலில் செய்ய வேண்டுவது யாது', 'மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் கூற்று யாது' என்பன போன்ற சொற்களைக் கவனியாது விடுவதால் இது நேரும். தெரிந்த செயல்களை வரிசைப்படுத்துவதில் வரும் தவறு மூன்றாம் வகை. இரத்தம் ஏற்றப்படும் நோயாளி, தொடங்கிய சில நிமிடங்களில் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் உற்றால், மருத்துவரை அழைத்தல், வெப்பநிலை பார்த்தல், இரத்தத்தை நிறுத்தல் ஆகிய மூன்றும் செய்யத்தக்கனவே. ஆனால் மருத்துவரை அழைக்கச் செல்லும் நேரத்திலும் இரத்தம் உட்சென்றுகொண்டே இருக்கும். ஆதலின் முதலில் நிறுத்துவதே கடமை. எப்போதும் மேலோரைக் கேட்டே செயற்பட வேண்டும் எனப் பழகியவர் இவ்வகை வினாக்களில் திரும்பத் திரும்பத் தவறுவர்.

நான்காம் வகை, தம்மீது நம்பிக்கையின்மையால் வருவது. முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்னும் அறிவுரை பள்ளிகளிலும் வழங்குகிறது. பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகள் இதற்கு மாறானதையே காட்டியுள்ளன. மாற்றப்பட்ட விடைகளில் தவறிலிருந்து சரியானவையே மிகுதி. மாற்றுவதற்குக் காரணம் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா. புதிதாக ஒரு குறிப்பைக் கண்டு மாற்றுவது அறிவு. அச்சத்தால் மாற்றுவது தடுமாற்றம். என்கிளெக்ஸ் தேர்வில் அடுத்த வினாவுக்குச் சென்றபின் முந்தியதற்குத் திரும்ப இயலாது. எனவே இச்சிந்தனை அனைத்தும் விடையை உறுதிப்படுத்துமுன் முடிய வேண்டும்.

மதிப்பெண் முறையில் வந்த மாற்றமும் அறியத்தக்கது. பல விடைகளைத் தேரும் வினாக்களில், 2023க்கு முன்பு அனைத்தும் சரியாக இருந்தாலன்றி மதிப்பெண் இல்லை. இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் பொருந்துவன அனைத்தையும் தேர்க எனக் கேட்கும் வினாவில், தவறாகத் தேர்ந்த ஒவ்வொன்றும் சரியான ஒன்றன் மதிப்பெண்ணைக் கழித்துவிடும். கைக்கு எட்டியவற்றையெல்லாம் தேர்ந்துவைப்பது நட்டத்தையே தரும்.

மீண்டும் படித்தலும் நினைவிலிருந்து எடுத்தலும்

நூலை மீண்டும் மீண்டும் படிப்போர் ஏன் தம் நிலையை உணராதிருக்கின்றனர் என்பதற்கு உளவியல் விடை கூறியுள்ளது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர் ரோடிகர், கார்ப்பிக் என்போர் மாணவரிடம் ஒரு சோதனை நிகழ்த்தினர். ஒரு சாரார் உரைப்பகுதி ஒன்றைப் பலமுறை படித்தனர். மற்றொரு சாரார் அதனைப் படித்தபின், நூலைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பலமுறை படித்தவர் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவரே முந்தினர். வியப்பு யாதெனின், பலமுறை படித்தவரே தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியிருந்தனர். கண்ணுக்குப் பழகிய பக்கம் அறிந்த பக்கமாகத் தோன்றுகிறது. மறுமுறை எழுதுவோர்க்கு இம்மயக்கம் இன்னும் கொடியது. ஏனெனில் அவர் நூலில் புதிய பக்கம் ஒன்றேனும் இல்லை.

1885இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்காசு வெளியிட்ட நினைவாராய்ச்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கற்றது தொடக்கத்தில் விரைந்து மறக்கிறது. பின்னர் மறதியின் வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதினும் நிலைக்கிறது என அவர் கண்டார். ஒரு நாள் பத்து மணி நேரம் படித்து மூன்று நாள் சோர்ந்திருப்பவரைவிட, நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயில்பவருக்கு மிகுதியாக நிலைப்பதற்கு இதுவே காரணம்.

நாற்பத்தைந்து நாளின் பங்கீடு

கோட்டுக்கு அருகில் நின்று தவறியவர், குறைந்த கால எல்லையான 45 நாளையே கொண்டார் எனின், அதனைப் பின்வருமாறு பங்கிடலாம். முதல் வாரம் ஓய்வுக்கும் அறிக்கையை ஆராய்வதற்கும் உரியது. மாநில வாரியத்துக்கு மீண்டும் விண்ணப்பித்தல், 200 டாலர் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தல், புதிய தேர்வு அனுமதிக்குக் காத்திருத்தல் ஆகியவற்றையும் அப்போதே தொடங்கிவிட்டால், பின்னர்ப் படிப்புக்கு இடையூறு நேராது.

இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை உள்ள நான்கு வாரங்களே உழைப்பின் காலம். நாளொன்றுக்கு ஐம்பது வினாக்கள் போதும். விடையளிக்கச் செலவிட்ட நேரத்தைப்போல் இருமடங்கை அவற்றை ஆராய்வதில் செலவிட வேண்டும். நூற்றைம்பது வினாக்களை ஓட்டமாக முடித்து மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர், தம் நோயை நாள்தோறும் அளந்துகொண்டே மருந்துண்ணாதவர் ஆவர். வினாக்களைப் பகுதி பகுதியாகப் பிரிக்காமல் கலந்து பயில்வதும் நன்று. மருத்துவமனையில் நோயாளி எப்பாடத்தைச் சேர்ந்தவர் எனத் தலைப்பிட்டுக்கொண்டு வருவதில்லை, தேர்விலும் அவ்வாறே. குறிப்பேட்டில் எழுதிய தவறுகளை இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் விடையை மறைத்துவைத்துத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஆறாம் வாரத்தில், ஐந்து மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கலாம். நூற்றைம்பது வினாக்கள் வந்தால் ஒன்றுக்கு இரண்டு நிமிடமே உண்டு. எண்பதாம் வினாவுக்குப் பின் கவனம் தளர்கிறதா என்பது இதனால் தெரியவரும். எஞ்சிய சில நாள் புதிய பாடம் தொடாமல் குறிப்பேட்டை மட்டும் நோக்கி, உறக்கத்தைக் காப்பதற்கு உரியன. இரவுப் பணி செய்பவர் அவ்வாரத்திலேனும் விடுப்புப் பெற முயலுதல் நலம்.

பிறநாட்டில் பயின்றோர்

2005 முதல் இத்தேர்வை அமெரிக்காவுக்கு வெளியிலும் எழுத வாய்ப்பு ஏற்பட்டது. கனடா 2015 முதலும், ஆஸ்திரேலியா 2020 முதலும் இதனை ஏற்றுக்கொண்டன. பிலிப்பீன்ஸ், இந்தியா முதலிய நாடுகளில் பயின்ற பலர் இதனை எழுதுகின்றனர். இவர்களுள் பல்லாண்டு பணிபுரிந்தவரும் தவறுவது உண்டு. நோயைப் பற்றிய அறிவுக் குறையே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பணிப் பங்கீடு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க முறையில் பதிவு பெற்ற தாதி, நோயாளியைக் குளிப்பாட்டுதல், நிலையான நோயாளியின் வெப்பநிலை பார்த்தல் போன்றவற்றை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம். நிலையை மதிப்பிடல், நோயாளிக்குக் கற்பித்தல், விளைவைத் தீர்மானித்தல் ஆகியவற்றைத் தாமே செய்ய வேண்டும். உறவினரே நோயாளியின் தேவைகளைக் கவனிக்கும் மருத்துவமனையிலும், மருத்துவரின் சொல்லுக்குக் காத்திருக்கும் வழக்கத்திலும் பழகியவர், தம் அனுபவத்தைக் கொண்டு விடையளித்தால் தவறுவார். அனுபவத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை; அத்தேர்வு எந்த மருத்துவமனையை மனத்தில் கொண்டு கேட்கிறது என்பதை உணர்ந்தால் போதும்.

தோல்வியின் பொருள்

தோற்றவர் படும் நாணம் சிறிதன்று. உடன் பயின்றோர் வெள்ளுடை அணிந்து பணிக்குச் செல்ல, தாம் மட்டும் வீட்டில் இருக்கும் நிலையில், உறவினர் கேட்கும் ஒவ்வொரு வினாவும் முள்ளாகக் குத்தும். அந்நாணத்தால் தோல்வியை மறைத்து, எவரிடமும் உதவி கேளாமல் தனியே போராடுவோர் உளர். பயிற்றுவித்த ஆசிரியரிடம் அறிக்கையையும் குறிப்பேட்டையும் காட்டுவது இழிவன்று. நோயாளி ஒருவர் தம் அறிகுறிகளை மறைத்தால் தாதி எவ்வளவு வருந்துவாரோ, அவ்வளவு வருத்தம் மாணவர் தம் குறையை மறைக்கும்போது நல்லாசிரியருக்கும் உண்டாகும்.

தேர்வின் கடுமையைக் குறைகூறுவதற்குமுன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். நள்ளிரவில் வார்டில் மருத்துவர் அருகில் இல்லை. ஆஸ்துமா நோயாளியின் இரைப்பு ஓய்ந்துவிட்டது. அவ்வேளையில் அங்கு நிற்கும் தாதி அதன் பொருளை உணர்வாரா என்பதே உரிமம் வழங்குவோர் கேட்கும் வினா. அவ்வினாவுக்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை என்பதே தோல்வியின் பொருள். என்றைக்கும் கிடைக்காது என்று அது கூறவில்லை. குறிப்பேட்டில் எழுதித் திருத்திய ஒவ்வொரு தவறும், பின்னாளில் ஒரு நோயாளியிடத்தில் நிகழாமற்போகும் தவறாகும்.

இதில் ஆசிரியர்க்கும் ஒரு படிப்பினை உண்டு. தவறிய மாணவனிடம் 'இன்னும் நன்றாகப் படி' என்று கூறுவது எளிது. அவன் விடைத்தாளை அவனோடு அமர்ந்து நோக்கி, 'இவ்விடையை ஏன் எழுதினாய்?' என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அக்கேள்விக்கு அவன் அஞ்சாமல் விடை கூறும் நாளில் மறுமுறை முயற்சி உண்மையாகவே தொடங்குகிறது.